கிடேரி பருவத்துக்கு வரலையா? ஊசிக்கு முன்னாடி தீவனத் தொட்டியப் பாருங்க

கறக்கற மாட்டுக்கு புண்ணாக்கு, தவிடு, பச்சைப்புல்லு எல்லாம் போகும், கிடேரிக்கு மிஞ்சுன வைக்கோல். நம்ம பக்கம் முக்காவாசி வீட்டுல இதுதான் நடக்குது. பால் தராத உருப்படிக்கு எதுக்கு காசு போடணும்னு ஒரு கணக்கு. அப்புறம் ரெண்டு வயசு தாண்டியும் கிடேரி கத்தல, சினைக்கு வரலன்னு டாக்டரக் கூப்பிட்டு "சார் எதாச்சும் ஹார்மோன் ஊசி போட்டு விடுங்க"ன்னு கேக்குறோம். அந்த ஹார்மோன் எங்க உருவாகுது, எது இல்லாததால உருவாகலன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி ஊசிக்கு வேலையே இருக்காது. கலப்பின ஜெர்சி, எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கிடேரி வெச்சிருக்கறவங்கள மனசுல வெச்சுதான் எழுதுறேன். காங்கேயம் மாதிரி நாட்டு மாடு இயற்கையாவே மெதுவாதான் பருவத்துக்கு வரும், அதுக்கு இந்த மாசக் கணக்கு பொருந்தாது, ஆனா அடிப்படை ஒண்ணுதான்.

முதல்ல ஒரு விசயம் மண்டைல ஏத்திக்கோங்க. கிடேரி பருவத்துக்கு வர்றத வயசு மட்டும் தீர்மானிக்கிறது இல்ல, உடம்பு எடைதான் பெரும்பாலும் தீர்மானிக்குது. அந்த இனம் முழுசா வளந்தா எவ்ளோ எடை வருமோ அதுல 45 முதல் 50 விழுக்காடு வந்ததும் பருவம் எட்டிப் பாக்கும், 60 முதல் 65 விழுக்காடு வந்ததும் சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், போடலாம். ஜெர்சி கலப்பு வளந்தா 350 கிலோவுக்குப் பக்கம் நிக்கும்னு வெச்சா சினை ஊசிக்கு 220, 230 கிலோ வேணும். எச்எஃப் கலப்பு 430, 450 வரும், அதுக்கு 270 கிலோவாச்சும் வேணும். ஒழுங்கா வளத்தா இந்த எடை 15 மாசத்துல இருந்து 18 மாசத்துக்குள்ள வந்துரும், இல்லன்னா 30 மாசம் ஆனாலும் வராது. பக்கத்து வீட்டுக் கிடேரி ஒன்றரை வயசுல சினையாகி நம்மளுது மூணு வயசுல கூட ஆகலன்னா ராசி, ஜாதகம்னு போகாம எடைய அளந்து பாருங்க.

எடை மேடை யார் வீட்டுல இருக்கு, இருக்காது. தையல்காரர் டேப்பு போதும், 60 இஞ்ச் இருக்கும், சினைக்கு வர்ற வயசு கிடேரிக்கு சரியா இருக்கும். காலைல தீனி தண்ணி வைக்கறதுக்கு முன்னாடி சமதளமான எடத்துல நாலு காலும் நேரா நிக்கற மாதிரி புடிச்சுக்கணும், ஒருத்தர் மூக்கணாங்கயித்தயோ கழுத்துக்கயித்தயோ புடிச்சா இன்னொருத்தர் அளக்கலாம். முன்னங்காலுக்கு அப்படியே பின்னாடி நெஞ்சச் சுத்தி டேப்ப விட்டு, தொய்வு இல்லாம ஆனா இறுக்காம ஒரு அளவு. அப்புறம் தோள்பட்டை முனைல இருந்து பின்னாடி வாலுக்குப் பக்கத்துல துருத்திட்டு இருக்குற எலும்பு முனை வரைக்கும் ஒரு அளவு. ரெண்டும் இஞ்ச்ல இருக்கணும். சுத்தளவ சுத்தளவால பெருக்கி, அத நீளத்தால பெருக்கி, 660ஆல வகுத்தா கிலோ வந்துரும். சுத்தளவு 54, நீளம் 48ன்னு வெச்சுக்கோங்க, 54ஐ 54ஆல பெருக்கினா 2916, அத 48ஆல பெருக்கினா 1,39,968, 660ஆல வகுத்தா 212 கிலோ. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்தான், ஆனா மாசாமாசம் ஒரே ஆள் ஒரே மாதிரி அளந்து தொழுவத்துச் சுவத்துல எழுதி வெச்சீங்கன்னா ஏறுதா நிக்குதான்னு பளிச்சுன்னு தெரிஞ்சுரும். மாசத்துக்கு 12 முதல் 15 கிலோ ஏறணும், அதாவது நாளைக்கு 400 முதல் 500 கிராம். எச்எஃப் கலப்புக்கு இன்னும் கொஞ்சம் கூட இருந்தா நல்லது.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், இது புரிஞ்சாதான் எதுக்கு இவ்ளோ அளக்கச் சொல்றேன்னு புரியும். மூளையோட அடிப்பக்கம் ஹைப்போதலாமஸ்னு ஒரு பகுதி இருக்கு, அங்க இருந்து ஜிஎன்ஆர்எச்ங்கற ஹார்மோன் விட்டு விட்டு வரும். அது பிட்யூட்டரி சுரப்பியத் தட்டும், தட்டுனா அங்க இருந்து எல்எச், எஃப்எஸ்எச்னு ரெண்டு ஹார்மோன் ரத்தத்துல வரும், அது சினைப்பைக்குப் போய் முட்டைக் குமிழ வளக்கும், குமிழ்ல இருந்து ஈஸ்ட்ரோஜன் வரும், அந்த ஈஸ்ட்ரோஜன்தான் கிடேரியக் கத்த வைக்கறது, மத்த மாட்டு மேல ஏற வைக்கறது, வழும்பு ஒழுக வைக்கறது எல்லாம். இதுல பல பேருக்குத் தெரியாதது, கன்னு பொறந்து சில வாரத்துலயே சினைப்பைல குமிழ் வளர ஆரம்பிச்சிருது. வளரும், அழியும், திரும்ப வளரும், ஆனா வெடிச்சு முட்டை வெளிய வராது. ஏன்னா எல்எச் அடிக்கடி வரணும், சின்னக் கன்னுல பல மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் வரும். அந்தச் சின்னக் குமிழ் விடுற கொஞ்சூண்டு ஈஸ்ட்ரோஜனே மூளைய "இப்ப வேணாம், பொறு"ன்னு அடக்கி வெச்சிருக்கும். உடம்பு தேறத் தேற மூளைக்கு அந்த அடக்கம் குறையும், எல்எச் மணிக்கு ஒண்ணுங்கற அளவுக்கு நெருங்கி நெருங்கி வரும், அப்பதான் குமிழ் பெருசாகி வெடிக்கும், அதுதான் பருவம்.

சரி, உடம்பு தேறிருச்சுன்னு மூளைக்கு யார் சொல்றது? தீனிதான் சொல்லுது, ரத்தம் வழியா. கொழுப்புத் திசுல இருந்து லெப்டின்னு ஒரு ஹார்மோன் வரும், 1994ல கண்டுபுடிச்சது, உடம்புல சேமிப்பு இருக்குன்னு அது தகவல் கொடுக்கும். கல்லீரல்ல இருந்து ஐஜிஎஃப்-1ங்கற வளர்ச்சிக்கான ஹார்மோன் வரும், கணையத்துல இருந்து இன்சுலின் வரும், ரத்தத்துல குளுக்கோஸ் இருக்கும். இந்த நாலும் நல்ல அளவுல இருந்தா மூளைல கிஸ்பெப்டின்னு ஒண்ண சுரக்குற நரம்புகள் வேலை செய்யும், அதுதான் ஜிஎன்ஆர்எச்ச அவுத்து விடுறது. தீனி பத்தலன்னா பசியத் தூண்டுற நரம்புகள் மேலோங்கி ஜிஎன்ஆர்எச்ச அமுக்கிப் போட்டுரும். தானே பொழைக்க வழி இல்லாதப்ப வயித்துல ஒரு கன்னு எதுக்குன்னு உடம்பு ஒத்திப் போடுது, அது நோய் இல்ல.

வைக்கோலா அள்ளிப் போட்டா வயிறு நிறையும், ஆனா இந்தத் தகவல் போகாது. வைக்கோல்ல புரதம் மூணு நாலு விழுக்காடுதான், வயித்துல அது செரிக்கும்போது அசிட்டிக் அமிலம்தான் பெரும்பாலும் வரும். மக்காச்சோளம், புண்ணாக்கு கலந்த அடர்தீவனம் செரிச்சா புரோப்பியோனிக் அமிலம் கூடுதலா வரும், கல்லீரல் அத குளுக்கோஸா மாத்தும், இன்சுலினும் ஐஜிஎஃப்பும் ஏறும். ரெண்டு கிடேரியும் வயிறு முட்டத் தின்னாலும் ஒண்ணு பருவத்துக்கு வர்றதும் ஒண்ணு வராததும் இதுனாலதான்.

எந்த வயசுல எவ்ளோ போடணும்ங்கறதுக்கு வருவோம். பொறந்த ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள சீம்பால், கன்னு எடைல பத்துல ஒரு பங்கு முதல் நாள்ல உள்ள போயிரணும், நஞ்சுக்கொடி விழட்டும்னு காத்துட்டு இருக்காதீங்க. அதுல இருந்து பால் மறக்கற வரைக்கும் எல்லாரும் ஓரளவு கவனிச்சுக்குறோம். கோட்டை விடறது பால் மறந்ததுக்கு அப்புறம்தான், அதாவது நாலு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும். மூளைல அந்த கிஸ்பெப்டின், ஜிஎன்ஆர்எச் வயரிங் எல்லாம் பதியற காலம் அதுதான், அமெரிக்காவுல டெக்சாஸ்ல கிடேரிகள வெச்சு நடந்த ஆராய்ச்சில நாலு மாசத்துல இருந்து ஒம்போது மாசத்துக்குள்ள நல்லா வளந்த கிடேரி சீக்கிரம் பருவத்துக்கு வருதுன்னு பாத்திருக்காங்க. நம்ம வீட்டுல பாத்தா சரியா அந்த மாசங்கள்லதான் கன்ன அவுத்து விட்டு மேய்ஞ்சுக்கட்டும்னு விடுறோம், வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கும், முதுகு எலும்பு தெரியும், முடி சிலுப்பிட்டு நிக்கும்.

100 கிலோ எடைல இருக்குற ஆறேழு மாசக் கன்னுக்கு நாளைக்கு ஒரு கிலோ அடர்தீவனம், அஞ்சு கிலோ பச்சை, ஒரு கிலோ வைக்கோலோ சோளத்தட்டோ. 200 கிலோ வந்த கிடேரிக்கு ஒன்றரை கிலோ அடர்தீவனம், 12 கிலோ பச்சை, ரெண்டு கிலோ வைக்கோல். பச்சைன்னு சொல்றது கோ-4, கோ-5 கம்பு நேப்பியர், கோஎஃப்எஸ்-29 சோளம் மாதிரி எதுனாலும் சரி, அதுல நாலுல ஒரு பங்கு வேலிமசாலோ அகத்தியோ சேந்தா புண்ணாக்குச் செலவு குறையும். நேப்பியர முத்த விட்டு அறுத்தா தண்டு கட்டையாயிரும், சத்து எறங்கிரும், 45 நாளுக்கு ஒருக்கா அறுத்துருங்க.

அடர்தீவனம் கடைல மூட்டை வாங்கலாம், வீட்டுல அரைச்சா 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 37, கடலைப்புண்ணாக்கு 25, தவிடு 20, உளுந்தம்பொட்டோ துவரம்பொட்டோ 15, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. புரதம் 18 விழுக்காட்டுக்குப் பக்கம் நிக்கும், கிடேரிக்கு அது தாராளம். பருத்திக்கொட்டைய ஆட்டி பால் எடுத்து ஊத்துற பழக்கம் நம்ம பக்கம் உண்டு, பெரிய மாட்டுக்கு சரி, ஆனா அசை போட ஆரம்பிக்காத சின்னக் கன்னுக்கு அத ஊத்தாதீங்க, அதுல இருக்குற காசிப்பால் விசத்த முறிக்க அதுக்கு வயிறு பழகியிருக்காது.

பூச்சி மருந்து விட்டுப் போச்சுன்னா மேல சொன்னது எல்லாம் வீண். ஆறு மாசம் வரைக்கும் மாசாமாசம், அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருக்கா, சாணிய டெஸ்ட் பண்ணி என்ன பூச்சின்னு பாத்து டாக்டர் சொல்ற மருந்து. வாய்க்கா ஓரம், குளத்தோரம் மேயற கிடேரிக்கு ஈரல்புழு இருக்கும், அதுக்கு மருந்து வேற, சாதாரண பூச்சி மருந்துல அது சாகாதுங்கறத ஞாபகம் வெச்சுக்கோங்க.

தாது உப்பு பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா எடை நல்லா இருந்தும் பருவத்துக்கு வராத கிடேரில பலதும் இங்கதான் மாட்டும். வைக்கோல்ல பாஸ்பரஸ் ரொம்பக் கம்மி, வைக்கோலயும் காட்டு மேய்ச்சலயும் நம்பி இருக்குற கிடேரி மண்ணு நக்குறது, கயித்தக் கடிக்கறது, பாலித்தீன் கவர மெல்லுறதுன்னு இருந்தா அது பாஸ்பரஸ் கேக்குதுன்னு அர்த்தம் வெச்சுக்கலாம். தவிட்டுல பாஸ்பரஸ் நல்லா இருக்கு, ஆனா கால்சியம் ரொம்பக் கம்மி, வைக்கோல்லயும் நேப்பியர்லயும் இருக்குற ஆக்சலேட் இருக்குற கால்சியத்தயும் கட்டிப்போட்டுரும். தாமிரம் கொறஞ்சா கருப்பு மாடு செம்பட்டையாகும், கண்ணச் சுத்தி முடி வெளிறும், பருவமும் தள்ளிப் போகும். துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், அயோடின், செலினியம் எல்லாம் கொஞ்சம்தான் வேணும், ஆனா அந்தக் கொஞ்சம் இல்லன்னா ஹார்மோன் தொழிற்சாலை ஓடாது. கால்நடைப் பல்கலைக்கழகம் தயாரிக்கிற தானுவாஸ் தாது உப்புக் கலவை கெடைக்குது, இல்ல டாக்டர் சொல்ற கம்பெனி எதுனாலும் சரி, கிடேரிக்கு நாளைக்கு 25, 30 கிராம், அடர்தீவனத்துல ஏற்கனவே கலந்திருந்தா அதக் கழிச்சுக்கணும். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு கை அள்ளிப் போடறதுல புண்ணியம் இல்ல, தெனமும் போகணும்.

பச்சைத் தீவனம் வெறும் புரதத்துக்காக மட்டும் இல்ல. பச்சைல இருக்குற கரோட்டின்தான் உடம்புல வைட்டமின் ஏ ஆகுது. முட்டை வெடிச்ச எடத்துல உருவாகுற மஞ்சள் திட்டுக்கு அந்த மஞ்சள் நிறத்தக் கொடுக்கறதே கரோட்டின்தான், அந்தத் திட்டுதான் புரொஜஸ்டிரோன் சுரந்து சினையத் தாங்குறது. சித்திரை வைகாசில பச்சையே இல்லாம மூணு மாசம் காய்ஞ்ச தட்டுல ஓட்டுனா கரோட்டின் தீந்துரும். அந்த நேரத்துக்கு கொஞ்சம் அகத்திக்கீரை, கிளுவை, முருங்கைத்தழைன்னு மரத்துல இருந்து ஒடிச்சுப் போட்டாக்கூட பெரிய உதவி.

இதெல்லாம் படிச்சுட்டு அள்ளி அள்ளிப் போட்டுராதீங்க. பருவத்துக்கு முன்னாடி கிடேரி அளவுக்கு மீறி கொழுத்தா மடில பால் சுரக்கற திசு வளர வேண்டிய எடத்துல கொழுப்பு போய் உக்காந்துக்கும், சீக்கிரம் கன்னு போடும் ஆனா பால் எதிர்பாத்த அளவு வராது. சினையானதுக்கு அப்புறமும் கொழுத்தே இருந்தா கன்னு போடும்போது கஷ்டப்படும், போட்டதும் தீனி எடுக்காம கீட்டோசிஸ்ங்கற நோய் வரும். பக்கத்துல நின்னு பாக்கும்போது கடைசி ரெண்டு மூணு விலா எலும்பு லேசாத் தெரியணும், கை வெச்சு அழுத்துனா எல்லா விலாவும் தட்டுப்படணும், வாலடில ரெண்டு பக்கமும் குழியும் இல்லாம கொழுப்பு உருண்டையும் இல்லாம இருக்கணும். அதுதான் சரியான உடம்பு.

சில தீவனம் ஹார்மோன் மாதிரியே வேசம் போடும். பூஞ்சை புடிச்ச மக்காச்சோளத்துல சியரலெனோன்னு ஒரு நஞ்சு உருவாகும், அது ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடிக்கும், பருவத்துக்கு வராத கிடேரிக்குக்கூட அறை (பிறப்புறுப்பு) வீங்கும், மடி பொடைக்கும், நாம சினைக்கு வந்திருச்சுன்னு நெனச்சு ஊசி போட்டா நிக்காது. மழைக்காலத்துல மூட்டைய தரைல போடாம கட்டை வெச்சு அடுக்குங்க, கட்டி கட்டியா பச்சையும் ரோஸுமா பூத்த சோளத்த வெயில்ல காயவெச்சுப் போடலாம்னு நெனைக்காதீங்க, காய வெச்சாலும் நஞ்சு போகாது. குதிரைமசால்லயும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் மாதிரி பொருள் உண்டு, மத்த புல்லோட கலந்து போட்டா கவலை இல்ல. சூபாபுல் மரத்துத் தழை நல்ல புரதம், ஆனா அதுல இருக்குற மைமோசின் தைராய்டக் கெடுக்கும், முடி கொட்டும், மொத்தப் பச்சைல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது.

எடை வந்திருச்சு, இப்ப பருவத்தக் கவனிக்கணும். முதல் தடவ முட்டை வெடிக்கும்போது பல கிடேரி எந்த அறிகுறியும் காட்டாது, ஏன்னா மூளை ஈஸ்ட்ரோஜனுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் புரொஜஸ்டிரோன் பழகியிருக்கணும். அதனால முதல் சுத்து சத்தமில்லாம போகும், அடுத்ததுல இருந்துதான் கத்தும். காலைல வெள்ளென, ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடின்னு ரெண்டு நேரம் தொழுவத்துல போய் நின்னு பாருங்க, அறைல இருந்து கண்ணாடி மாதிரி தெளிஞ்ச வழும்பு அறுபடாம தொங்கும், இல்ல வால்லயும் தொடைலயும் காஞ்சு பளபளன்னு ஒட்டியிருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு விடும், தீனில நாட்டம் இருக்காது, இன்னொரு மாடு மேல ஏறுனா அசையாம நிக்கும். அப்படி நிக்கறதுதான் உறுதியான அறிகுறி. தேதிய அதே சுவத்துல எழுதுங்க, 20, 21 நாள்ல திரும்ப வரணும்.

முதல் பருவத்துலயே ஊசி போடலாமான்னா வேணாம். 1987ல வந்த ஒரு ஆராய்ச்சில முதல் பருவத்துல சேத்த கிடேரில 57 விழுக்காடுதான் சினை புடிச்சுது, மூணாவது பருவத்துல சேத்ததுல 78. ரெண்டு சுத்து விட்டா கர்ப்பப்பையும் தயாராகும், எடையும் இன்னும் 20 கிலோ ஏறியிருக்கும். காலைல அறிகுறி தெரிஞ்சா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிஞ்சா மறுநாள் காலைல. ஊசிக்கு ஒரு மாசம் முன்னாடி இருந்து ஊசிக்கு அப்புறம் ஒரு மாசம் வரைக்கும் தீவனத்த திடீர்னு குறைக்கவோ கூட்டவோ செய்யாதீங்க, உடம்பு ஏறிட்டே இருக்குற கிடேரிதான் நல்லா புடிக்கும்.

டாக்டரக் கூப்பிட வேண்டிய நேரம் ஒண்ணு இருக்கு. எடை வந்து, தாது உப்பு மூணு மாசம் தெனமும் போயி, பூச்சியும் எடுத்து, அப்பவும் வரலன்னா கையவிட்டுப் பாக்கச் சொல்லுங்க. கர்ப்பப்பை விரல் கனத்துல சின்னப்புள்ளையா இருந்தா இன்னும் தீனிதான் வேணும். சினைப்பைல மஞ்சள் திட்டு இருந்தா கிடேரி சத்தமில்லாம சுத்திக்கிட்டு இருக்கு, நாமதான் கவனிக்கல, அதுக்கு பிஜி (புரோஸ்டாகிளாண்டின்) ஊசி வேலை செய்யும். மஞ்சள் திட்டே இல்லாத கிடேரிக்கு பிஜி போட்டு எந்தப் பிரயோசனமும் இல்ல, ஏன்னா அந்த ஊசி இதுல செய்யற முக்கிய வேலை மஞ்சள் திட்டக் கரைக்கறதுதான். அதே ஊசிய தெரியாம சினையா இருக்குற கிடேரிக்குப் போட்டா கலைஞ்சுரும், காளையோட மேய்ஞ்ச கிடேரின்னா சோதிக்காம போட விடாதீங்க. பிறப்புறுப்புக்குள்ள வைக்கற புரொஜஸ்டிரோன் கருவியும் அப்படித்தான், பருவ எடைய நெருங்கிட்ட கிடேரிய அது தட்டி எழுப்பும், எலும்பும் தோலுமா இருக்குறத எழுப்பாது, காசு போனதுதான் மிச்சம்.

காளைக்கன்னோட ரெட்டையாப் பொறந்த கிடேரியா இருந்தா மட்டும் முன்னாடியே பாத்துருங்க, வயித்துக்குள்ளயே ரெண்டோட ரத்தமும் கலந்து காளையோட ஹார்மோன் இதோட கர்ப்பப்பைய வளர விடாம பண்ணிரும், அப்படிப் பொறந்ததுல பத்துக்கு ஒம்போதுக்கு மேல மலடுதான், எவ்ளோ தீனி போட்டாலும் வராது. சந்தைல கிடேரி வாங்கறப்ப ரெட்டையாப் பொறந்ததான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது, வீட்டுல இருக்குற கிடேரி ஒவ்வொண்ணயும் டேப்பு போட்டு அளங்க, நாலு மாசத்துக்கும் ஒரு வயசுக்கும் நடுவுல எது இருக்குன்னு பாருங்க, அதுக்கு தனியா ஒரு தொட்டி வைங்க. பெரிய மாட்டோட சேத்துக் கட்டுனா அது முட்டித் தள்ளிட்டு மொத்தத்தயும் தின்னுரும், சின்னது ஓரமா நின்னு வைக்கோல்தான் மெல்லும்.